அமெரிக்காவில் குட்டைக்குழல் ரைஃபிளை ஏன் பதிவு செய்ய வேண்டும்?

தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால், அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி அது குட்டைக்குழல் ரைஃபிள். பதிவில்லாமல் வைத்திருப்பது குற்றம்.

ஏன் இப்படி? சில வகைத் துப்பாக்கிகளைப் பதிவு செய்து வரி கட்டச் சொன்ன 1934 தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. ரைஃபிளை அறுத்துக் குட்டையாக்கி, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று இந்த விதியையும் சேர்த்தார்கள். பிறகு கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குக் காவலாக வைத்த விதி மட்டும் தங்கிவிட்டது! வேடிக்கைதான்.

குழலைத் தானே குறைக்க நினைப்பவர், முதலில் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஏ.டி.எஃப். துறைக்குப் படிவம் 1, கைரேகை, புகைப்படம் எல்லாம் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். கடையில் வாங்குபவருக்குப் படிவம் 4. மாடி எழுப்பும் முன்பே பிளான் அப்ரூவல் வாங்குகிறோமே, அதுபோல. ஆனால் கட்டி முடித்துவிட்டு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளும் வழி இங்கே கிடையாது. சில மாநிலங்களில் இந்த ரைஃபிளுக்கே தடை.

1934 முதல் இருந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமானது. அதோடு பதிவும் ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; போனது வரி மட்டும்தான், படிவமும் ஒப்புதலும் அப்படியே இருக்கின்றன.