மில்லுல வெல்ஃபேர் ஆபீசரா இருக்குற தங்கச்சிக்கு: எந்த ட்ரெய்னிங் போகலாம், எந்த லிஸ்ட் கொடுக்கக் கூடாது

கேள்வி: அக்கா வணக்கம். எம்எஸ்டபிள்யூ (சோஷியல் வொர்க் முதுகலை) முடிச்சிட்டு சேலம் பக்கத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல ரெண்டு வருஷமா வெல்ஃபேர் ஆபீசரா இருக்கேன். 600 பேர் வேலை பாக்குறாங்க, பாதிக்கு மேல பொண்ணுங்க, ஹாஸ்டலும் உண்டு. இப்ப மேனேஜ்மென்ட்ல வெல்பீயிங் ப்ரோக்ராம் ஆரம்பிக்கணும், நீயே ஏதாவது ட்ரெய்னிங் போயிட்டு வா, காசு கம்பெனி கட்டும்னு சொல்றாங்க. ரெண்டு நாள் ஆன்லைன் சர்டிபிகேட்ல இருந்து ஒரு வருஷ டிப்ளமா வரைக்கும் என்னென்னவோ இருக்கு, எதுக்கு போறதுன்னு தெரியல. இன்னொண்ணு, கவுன்சலிங்குக்கு யார் யார் வந்தாங்கன்னு மாசாமாசம் லிஸ்ட் கேக்கறாங்க, கொடுக்கலாமா?

பதில்:

ரெண்டாவதா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன் தங்கச்சி. லிஸ்ட் கொடுக்காதீங்க. எந்த ட்ரெய்னிங் போறதுங்கறதும் இதுலதான் அடங்கியிருக்கு, அதனால இதை கொஞ்சம் நீளமாவே பேசறேன்.

நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல இருந்தேன். பழம் பறிக்கிற சீசன், சாயங்காலம் எடை போடற இடத்துல போய் உக்காந்துக்குவேன், ஏன்னா ஆபீஸ் ரூமுக்கு யாரும் வர மாட்டாங்க, அங்க மூட்டைய இறக்கி வச்சிட்டு நிக்கறப்பதான் நாலு வார்த்தை பேசுவாங்க. ஒரு அம்மா, நாப்பது வயசு இருக்கும், ராத்திரி தூக்கமே வரதில்ல, வீட்டுக்காரர் கூலிய புடுங்கிட்டு அடிக்கிறாருன்னு என்கிட்ட சொன்னாங்க. நான் நல்லதுதான் பண்றோம்னு நெனச்சு மேனேஜர்கிட்ட போய், இவங்களுக்கு கொஞ்ச நாள் சரிவுல ஏறாத வேலையா கொடுங்கன்னு காரணத்தோட சொல்லிட்டேன். அவர் கணக்கு எழுதற ரைட்டர்கிட்ட சொல்ல, ரைட்டர் மேஸ்திரிகிட்ட சொல்ல, ரெண்டே நாள்ல தொழிலாளிங்க குடியிருக்கற லைன் வீடு பூரா தெரிஞ்சு போச்சு, வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சு போச்சு. சீசன் முடியறதுக்குள்ள அந்தம்மா பையோட மலை இறங்கிட்டாங்க. அதுக்கப்புறம் எடை போடற இடத்துல நான் உக்காந்தா எல்லாரும் கொஞ்சம் தள்ளி நின்னு பேசுனாங்க. அந்த மேனேஜர் கெட்டவர் இல்லீங்க, கேட்டதுக்கு உதவி பண்ணத்தான் பாத்தார். தப்பு என்னோடது, ஒரு பேரை எங்க நிறுத்தணும்னு யாரும் எனக்கு சொல்லித் தரல, நானும் கேட்டுக்கல.

அதனால மேனேஜ்மென்ட் லிஸ்ட் கேட்டா முடியாதுன்னு மட்டும் சொல்லிட்டு நிக்காதீங்க, அவங்களுக்கு உண்மையிலேயே வேண்டியது வேற, அதை கொடுங்க. பேர் வெளிய போகக் கூடாது, போக்கு போகணும். உதாரணத்துக்கு இந்த மாசம் இத்தனை பேர் வந்தாங்க, அதுல இத்தனை பேருக்கு தூக்கப் பிரச்சனை, அதுவும் ஷிப்ட் மாறுற வாரத்துலதான் அதிகம், இத்தனை பேர் ஒரே சூப்பர்வைசர் வாய்ப்பேச்சு பத்தி சொன்னாங்கன்னு எழுதலாம். அந்த சூப்பர்வைசர் ஷிப்ட்ல இருக்கறதே எட்டு பேர்தான்னா அதையும் எழுதாதீங்க, யாருன்னு கண்டுபுடிச்சிருவாங்க, பத்து பேருக்கு கீழ இருக்கற எந்த குரூப்பையும் பக்கத்து குரூப்போட சேத்துதான் சொல்லணும், இதை நான் ஒரு விதியாவே வச்சிருக்கேன். கேஸ் நோட்டு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வேணாம், பூட்டுற அலமாரி, சாவி உங்ககிட்ட.

எதை ரகசியமா வைக்க முடியாதுங்கறதையும் வர்றவங்ககிட்ட உக்காந்த உடனேயே சொல்லிடுங்க. உசுருக்கு ஆபத்துன்னா, இன்னொருத்தர் உசுருக்கு ஆபத்துன்னா, சின்ன புள்ளைங்களுக்கு கொடுமை நடக்குதுன்னா நான் அடுத்த ஆளுகிட்ட சொல்லித்தான் ஆகணும், ஆனா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்மான்னு. முன்னாடியே சொல்லிட்டா அவங்க நம்பிக்கை போகாது, எல்லாம் கேட்டு முடிச்சிட்டு கடைசில சொன்னாதான் ஏமாத்துன மாதிரி ஆகுது. பாலியல் தொல்லை புகார் வந்தா அது கவுன்சலிங் ரூம்ல பேசி முடிக்கற விஷயமே இல்ல. 2013ம் வருஷ சட்டப்படி பத்து பேர் வேலை பாக்குற எடத்துல கூட உள் புகார் குழு இருக்கணும், சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும், எழுத முடியாதவங்களுக்கு எழுதித் தர்றது நம்ம வேலை. சமாதானம் பேசலாமான்னு அந்தப் பொண்ணே கேட்டாத்தான் குழு அதைப் பண்ணலாம், அதுவும் காசு கொடுத்து முடிக்கறது சட்டப்படி கூடாது. நீங்களா போய் விட்டுடும்மான்னு மட்டும் எந்த காலத்துலயும் சொல்லிடாதீங்க.

சரி, ட்ரெய்னிங்.

வெல்ஃபேர் ஆபீசர்ங்கற பதவி எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா எதைப் படிக்கணும்னு பாதி புரிஞ்சிடும். 1931ல தொழிலாளர் பத்தின ராயல் கமிஷன் ரிப்போர்ட்ல, மேஸ்திரிங்க ஆள் எடுக்கறதுக்கும் வேலை கொடுக்கறதுக்கும் லஞ்சம் வாங்கறாங்க, அதை நிறுத்த லேபர் ஆபீசர் போடுங்கன்னு சொன்னாங்க. அப்புறம் 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 500 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயம்னு வந்துச்சு, எஸ்டேட்டுக்கு 1951 சட்டத்துல 300 பேர். 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்ல (லேபர் கோட்) ஃபேக்டரி, சுரங்கம், தோட்டம் மூணுக்குமே 250 பேர்னு குறைச்சிருக்காங்க. அதாவது சட்டம் உங்களை அங்க உக்கார வச்சதே தொழிலாளிக்கும் அவங்களுக்கு மேல இருக்கற ஆளுக்கும் நடுவுல. அட்டெண்டன்ஸ் பாக்கவும், மெமோ டைப் பண்ணவும் இல்ல. மெமோ கொடுத்த கையாலயே சாயங்காலம் கவுன்சலிங்கும் பண்ண முடியாதுங்க, யாரும் வர மாட்டாங்க.

இதனாலதான் நான் கவுன்சலிங் டெக்னிக்க முதல்ல வைக்கறதில்ல. வேலைய பாக்க கத்துக்கறதுதான் முதல் ட்ரெய்னிங். ஒண்ணு சொல்றேன் பாருங்க, பின்னாடி நான் ஒரு மில்லுக்கு போய்ட்டு வந்துட்டிருந்தப்ப பஞ்சு பிரிச்சு சுத்தம் பண்ற ப்ளோ ரூம், கார்டிங் பகுதிகள்ல சில ஆம்பளைங்க வார லீவு முடிஞ்ச மறுநாள் வரவே மாட்டாங்க, வந்தாலும் அரை நாள்ல போயிடுவாங்க. எல்லாரும் சொன்னது ஒரே காரணம், லீவு நாள்ல குடிச்சிட்டு படுத்துக்கறானுங்கன்னு, குடிக்கு எதிரா ஒரு அவேர்னஸ் கூட்டம் போடுங்க மேடம்னாங்க. நான் கூட்டம் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையா உக்கார வச்சு கேட்டேன். குடிக்காத ரெண்டு பேரும் அதுல இருந்தாங்க, அவங்க சொன்னது, லீவு முடிஞ்சு உள்ள போன முதல் நாள் நெஞ்சு இறுக்கி புடிக்குது மேடம், மறுநாள் பரவால்ல. பஞ்சு தூசியால வர்ற பிசினோசிஸ்ங்கற நுரையீரல் நோயோட அடையாளமே அதுதான், தூசில இருந்து ரெண்டு நாள் விலகி இருந்துட்டு திரும்ப போறப்பதான் இறுக்கம் அதிகமா தெரியும். இது சட்டப்படி கட்டாயம் தெரியப்படுத்த வேண்டிய தொழில் நோய்கள்ல ஒண்ணு. டாக்டர்கிட்ட அனுப்பி மூச்சு டெஸ்ட் எடுக்க வைக்காம நான் அங்க குடி பத்தி மைக் புடிச்சு பேசியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் நெனைச்சுப் பாப்பேன். அதே குரூப்ல நிஜமாவே குடிக்கற ரெண்டு பேரும் இருந்தாங்க, அவங்களுக்கு வேற வழி. ஒரே லீவு ரெஜிஸ்டர்தான், காரணம் ரெண்டு.

இந்த மாதிரி பாக்க கத்துக்கறதுக்கு சென்னைல இருக்கற ரீஜனல் லேபர் இன்ஸ்டிட்யூட் நடத்தற தொழில் பாதுகாப்பு, தொழில் நலம் சம்பந்தமான குறுகிய பயிற்சிகள் ரொம்ப உதவும், சோஷியல் வொர்க் படிச்ச நம்ம ஆளுங்க யாரும் இதுக்கு போறதே இல்ல, அது எனக்கு ரொம்ப நாள் வருத்தம். கூடவே ஈஎஸ்ஐ முழுசா படிங்க. மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்க அதுல வருவாங்க, சாதாரண சிக்னஸ் பெனிஃபிட் 70 சதவீத சம்பளம் வருஷத்துக்கு 91 நாள், ஆனா மனநோய்ல சைக்கோசிஸ் மாதிரி நீண்ட நாள் நோய்களுக்கு 80 சதவீதத்துல ரெண்டு வருஷம் வரைக்கும் கிடைக்க வழி இருக்கு, ரெண்டு வருஷ சர்வீஸும், ஈஎஸ்ஐக்கு பணம் கட்டுன நாள் போதுமான அளவும் இருக்கணும். இது தெரியாம எத்தனையோ பேர் நோயோட வேலைய விட்டுட்டு ஊருக்கு போயிருக்காங்க.

அதுக்கப்புறம் ஆளோட பேசற ட்ரெய்னிங். உலக சுகாதார நிறுவனம் 2011ல கொண்டு வந்த சைக்கலாஜிக்கல் ஃபர்ஸ்ட் எய்ட், பாக்கறது கேக்கறது சேத்து விடறதுன்னு மூணே படி, ஒரு நாள்ல கத்துக்கலாம், மில்லுல மெஷின்ல கை மாட்டுன அன்னைக்கு பக்கத்து சைடுல நின்ன பொண்ணுக்கு அது தேவைப்படும். தற்கொலை எண்ணம் பத்தி கேக்கற பயிற்சி கட்டாயம். சாகணும்னு தோணுதாமான்னு நேரா கேட்டா அந்த எண்ணத்த நாமளே தூண்டி விட்ட மாதிரி ஆயிடும்னு பயப்படறாங்க, அப்படி ஆகாது, கேட்டதும் அழுதுகிட்டே கொட்டிடுவாங்க. முயற்சி பண்ணவங்க மேல போலீஸ் கேஸ் ஆயிடும்னு மேனேஜ்மென்ட் மறைக்கப் பாக்கும், 2017 மனநலச் சட்டம் 115வது பிரிவு அவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது, அதை பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க. 14416ங்கற டெலி மானஸ் (அரசாங்கத்தோட மனநல உதவி போன்) நம்பர ஹாஸ்டல் பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டுனா நாலு பேர் பாக்க யாரும் எழுதிக்க மாட்டாங்க. ஒடிசா, பீகார் பொண்ணுங்களும் இருந்தா அவங்க மொழியிலயும் அதுல பேசலாம்.

மனச்சோர்வ அளக்க பிஎச்க்யூ-9, குடிப்பழக்கத்த அளக்க ஆடிட்னு கேள்வித்தாள்கள் சொல்லித் தருவாங்க, கத்துக்கங்க, ஆனா 600 பேருக்கும் ஃபார்ம் கொடுத்து பேர் எழுத வச்சு வாங்காதீங்க. பிஎச்க்யூல ஒன்பதாவது கேள்வியே செத்துட்டா நல்லாருக்கும்னு தோணுதான்னு கேக்கறது. அதுக்கு ஒருத்தி ஆமான்னு டிக் பண்ணிட்டா அன்னைக்கே அவளோட நீங்க உக்காரணும், அந்த ஃபார்ம் அடுத்த வாரம் வரைக்கும் டேபிள்ல கிடக்கக் கூடாது.

டிப்ளமா பத்தி கேட்டீங்க. பெங்களூருல இருக்கற நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நமக்கு பக்கம், அவங்க டிஜிட்டல் அகாடமில சோஷியல் வொர்க்கர்களுக்கும் ஆன்லைன்ல கோர்ஸ் இருக்கு, காசும் நேரமும் இருந்தா அந்த மாதிரி கேஸ் டிஸ்கஷன் உள்ள கோர்ஸுக்கு போங்க. ரெண்டு நாள் சர்டிபிகேட் எந்த சட்டத் தகுதியும் தராது, சுவத்துல மாட்டலாம். எந்த கோர்ஸா இருந்தாலும் பணம் கட்டறதுக்கு முன்னாடி போன் போட்டு கேளுங்க, முடிச்சப்புறம் என் கேஸ யாராவது ஆறு மாசம் கூட இருந்து பாப்பாங்களான்னு. இல்லன்னா வேணாம்.

ஏன்னா சூப்பர்விஷன், அதாவது நம்ம கேஸ ஒரு சீனியர் கூட இருந்து பாக்கறது, அது இல்லாம இந்த வேலைய தனியா செஞ்சா ஒண்ணு தப்பு பண்ணுவீங்க, இல்ல நீங்களே உடைஞ்சு போயிடுவீங்க. எனக்கு எஸ்டேட்ல மாசம் ஒரு தடவை பேச ஒரு சீனியர் இருந்திருந்தா அந்தம்மா பேரு என் வாயில இருந்து வந்திருக்காது. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் உங்கள மாதிரி நாலஞ்சு பேர் இருப்பாங்க, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கூடுங்க, பேர் ஊர் சொல்லாம ஆளுக்கு ஒரு கேஸ், ஒரு சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர கூப்பிட்டு அவருக்கு ஃபீஸ் கொடுங்க. கம்பெனி ட்ரெய்னிங் காசுல பாதிய இதுக்குதான் கேக்கணும்.

மில் ஷிப்ட் சூப்பர்வைசர்களையும் மறந்துடாதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2022ல வெளியிட்ட வேலையிட மனநல வழிகாட்டுதல்லயே மேனேஜர்களுக்கு பயிற்சி கொடுக்கணும்னு இருக்கு, தொழிலாளிக்கு மட்டும் யோகா சொல்லித் தந்தா போதாதுன்னுதான் அதுக்கு அர்த்தம். யோகா நடக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா நைட் ஷிப்ட் முடிஞ்சு காலைல ஏழு மணிக்கு யோகா வச்சா அது தண்டனை. ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதும், பேச்சு வேணாம், நடிக்க வைங்க. ஏன்டி லீவு போட்டேங்கறதுக்கு பதிலா மூணு நாளா டல்லா இருக்கியேம்மா, வெல்ஃபேர் மேடத்த பாக்கறியான்னு கேக்கறது, அப்புறம் வேற எதுவும் தோண்டித் துருவாம விட்டுடறது. அவ்ளோதான் அவங்க வேலை.

மேனேஜ்மென்ட்டுக்கு கடுதாசி ஒரு பக்கத்துல எழுதுங்க. முதல் மூணு மாசம் என்னென்ன ட்ரெய்னிங்குக்கு போறேன், மாசம் ஒரு நாள் சூப்பர்விஷனுக்கு ஆன் டூட்டி வேணும், மாசாமாசம் பேர் இல்லாத ரிப்போர்ட் தர்றேன், மெமோ வேலைய ஹெச்ஆருக்கு மாத்தணும். நாலும் ஒரே கடுதாசில இருக்கட்டும், ஜிஎம் கையெழுத்து வாங்கி ஒரு காப்பி உங்ககிட்ட வச்சுக்கங்க, அந்த கையெழுத்து வந்தப்புறம் கோர்ஸுக்கு பணம் கட்டுங்க.