தவக்காலம் முடிந்ததும் பழையபடி ஆகிவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் முடிந்ததும் பழையபடி ஆகிவிடுகிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பது பலருக்கும் நடப்பதுதான். நாற்பது நாள் கறி தொடுவதில்லை, ஈஸ்டர் அன்று பிரியாணி, மறுநாளே அதே கோபம், அதே ஃபோன், பேசாமல் இருக்கும் அதே அண்ணன் தம்பி. பெங்களூர் ஐடி வேலையில் நேரமும் கிடைப்பதில்லை என்கிறீர்கள். கத்தோலிக்க முறைப்படி சொல்கிறேன். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் லெந்து காலம் என்று சொல்லும் தவக்காலத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தவக்காலம் எங்கே போய்ச் சேருகிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் எரியும் மெழுகுதிரியோடு நின்று திருமுழுக்கு (ஞானஸ்நான) வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோமே, அங்கேதான். பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்று குரு கேட்பார். அதற்கு மனதாரப் பதில் சொல்லத்தான் இத்தனை நாள் தயாரிப்பு. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடும் தவக்காலத்துக்குத் திருமுழுக்கு, மனமாற்றம் என்ற இரண்டு முகங்களைச் சொல்கிறது. எனவே எந்தச் சாப்பாட்டை விடலாம் என்று யோசிக்கும் முன், அந்த இரவில் எதை விட்டுவிட்டதாகப் பொய்யில்லாமல் சொல்லப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். ஒன்று போதும். ஐந்தாறு தீர்மானம் எடுப்பவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்றை மீறி, அந்த மனக்கசப்பில் மற்றதையும் கைவிட்டுவிடுகிறார்கள்.

2027-இல் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு கிடையாது. உணவில் விட்டதை ஞாயிறன்று தளர்த்துவது சரிதான். குடி, ஃபோன், வசைப்பேச்சு போன்றவற்றுக்கு மட்டும் ஞாயிறு விடுமுறை கொடுக்காதீர்கள். திங்களன்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கட்டாய நோன்பு இரண்டே நாள்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் (புனித வெள்ளி). 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறையும் வரை. ஒரு முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை சேர்ந்தாலும் ஒரு சாப்பாட்டுக்கு வராத அளவில் ஏதாவது. காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் தயிர்சாதம், மாலை வழிபாடு முடிந்து வீட்டில் முழுச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் அலுவலகத்தில் தலை சுற்றாது. வெள்ளிக்கிழமைகளில் 14 வயது நிறைந்தவர்களுக்குப் புலால் கிடையாது. கோழியும் கறிதான். மீன், முட்டை, பால் கூடும். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் வேளை தவறவிட வேண்டாம், திருச்சபை அதைக் கேட்கவும் இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ரசல் மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வறுத்தால் விதி மீறியதாகாது, ஆனால் கறியைவிட அதிகம் செலவாகியிருக்கும். பனீர் ஆர்டர் செய்தாலும் இதே கதைதான். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஈகை, செபம், நோன்பு மூன்றையும் இயேசு அடுத்தடுத்துச் சொல்கிறார். மூன்றும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். அன்று ரசமும் பருப்பும் போதும் என்று வைத்து, மிச்சமான பணத்தை அன்றே, சமையலறையிலேயே, ஒரு உறையில் போடுங்கள். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம் என்றால் பணம் கரைந்துவிடும். உறை யாருக்கு என்பதையும் முதல் வாரமே தீர்மானியுங்கள்: உங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபை, அல்லது உங்கள் அடுக்ககத்தில் இரவுப் பணி பார்க்கும் காவலாளி. கொடுக்கும்போது அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செபத்துக்குக் காலையில் கால் மணி நேரம், ஃபோனைத் தொடும் முன். அன்றைய நற்செய்தியை இரண்டு முறை மெதுவாக வாசித்து, மனதில் தைத்த ஒரு வரியோடு இருங்கள். வெள்ளி மாலை இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதைக்கு சிவாஜிநகர் மரியன்னை பேராலயம் வரை வர சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் விடாது என்றால், வீட்டிலேயே பதினான்கு நிலைகளையும் குடும்பமாகச் செய்யலாம், அரை மணி நேரம் ஆகும். பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில்தான் ஆர்வம் வற்றும். அப்போது யோவான் 4, 9, 11 அதிகாரங்களை எடுங்கள்: சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர். திருமுழுக்குக்குத் தயாராகிறவர்களுக்காகத் திருச்சபை தொன்றுதொட்டு வாசித்துவரும் பகுதிகள் இவை.

பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதை) ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அப்போது நீண்ட வரிசை, குருவுக்கும் உங்களுக்கும் அவசரம். நான்காம் வாரத்தில் ஒரு வேலை நாளில் போங்கள். பொதுவாக 'கோபப்பட்டேன்' என்பதை விட, யாரிடம், எதற்காக என்று சொல்வது நல்லது. யாருக்காவது பணமோ மன்னிப்போ பாக்கி இருந்தால் ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறுக்குள் முடியுங்கள். பேசாத அண்ணனுக்கு வாட்ஸாப் பார்வேர்டு அனுப்புவது இதில் சேராது, ஃபோனில் கூப்பிடுங்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு எல்லாவற்றையும் தொடரவேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஐம்பதாம் நாளான பெந்தகோஸ்து வரை அது கொண்டாட்டக் காலம், நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் திருச்சபைச் சட்டப்படி ஆண்டின் எல்லா வெள்ளியும் தவ நாள்தான். அந்த உறையை மட்டும் சமையலறையிலேயே விட்டுவையுங்கள், வெள்ளிதோறும் எதையாவது போடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒன்று திரும்பி எட்டிப்பார்க்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.