அத்தையைக் கட்டிலோடு கட்டிப்போடாதீர்கள்

கேள்வி: என் மாமியாருக்கு 69 வயது. இரண்டு மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் டி-ஸ்கோர் (எலும்பின் அடர்த்தியைக் காட்டும் எண்) மைனஸ் 3.2, எலும்பு மெலிந்து எளிதில் உடையும் எலும்புப்புரை என்றார். வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரையும் தினமும் கால்சியமும் எழுதித் தந்தார். வார மாத்திரை நெஞ்சை எரிக்கிறது என்று அத்தை நிறுத்திவிட்டார். நாங்கள் இருப்பது நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. மறுபடி விழுந்துவிடுவார் என்று என் கணவர் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. முதுகு வலிக்கு ஒரு அம்மா வந்து எண்ணெய் தேய்த்து, நன்றாக அழுத்தி, மிதித்தும் விடுகிறார். லேசாகக் கூன் விழுகிறது. பழைய நைட்டியெல்லாம் இப்போது தரையில் புரள்கிறது. கால்சியம் மட்டும் கொடுத்தால் போதாதா?
— ஒரு வாசகி, தாம்வே, யாங்கோன்

பதில்: அன்புச் சகோதரி, நைட்டி தரையில் புரள்கிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். தோளிலிருந்து தொங்குகிற துணி நீளமாகிவிட்டது என்றால் அத்தையின் முதுகு குட்டையாகியிருக்கிறது. எலும்புப்புரையில் முதுகெலும்புக் கட்டைகள் விழாமலேயே நசுங்கும். ஒரு வாளியைக் குனிந்து தூக்கினால், சில சமயம் பலமாக இருமினால்கூட நசுங்கும். மூன்றில் இரண்டு பங்கு நசுங்கல்கள் யாருக்கும் தெரியாமலேயே போய்விடுகின்றன. வயதானால் முதுகு வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். பழைய அடையாள அட்டையிலோ மருத்துவச் சீட்டிலோ அவர் உயரம் எழுதியிருந்தால் எடுத்து, இன்று சுவரோரம் நிற்க வைத்து அளந்து பாருங்கள். 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்புக்கு எக்ஸ்-ரே எடுக்கும்படி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

அதுவரை என்ன, அதற்குப் பிறகும் மசாஜ் வேண்டாம். இன்றே நிறுத்துங்கள். அந்த அம்மா நல்ல மனதோடுதான் செய்வார், சந்தேகமில்லை. ஆனால் மைனஸ் 2.5-க்குக் கீழே போனாலே எலும்புப்புரை, அத்தைக்கு மைனஸ் 3.2. இந்த முதுகை அழுத்தினாலும் மிதித்தாலும் கட்டையும் விலா எலும்பும் உடையலாம். வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் டாக்டர் தரும் வலி மாத்திரையும் போதும்.

இனி உங்கள் கணவருக்கு. அம்மா மேல் இருக்கிற பாசத்தில்தான் தம்பி இப்படிச் செய்கிறார், புரிகிறது. ஆனால் படுக்கை எலும்பைக் காப்பாற்றாது, கரைக்கும். எலும்பு உயிருள்ள பொருள். பழையதை உடல் கரைத்துக்கொண்டே இருக்கும், புதிதைக் கட்டிக்கொண்டே இருக்கும். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் கரைப்பு முந்திக்கொள்கிறது. உடம்பின் பாரம் எலும்பில் இறங்கினால்தான் கட்டுகிற வேலை ஒழுங்காக நடக்கும். படுத்தே கிடந்தால் அது நின்றுவிடும், தொடைச் சதையும் வற்றிவிடும். சதை வற்றியவர் எழுந்து நிற்கிற முதல் நாளே விழுவார்.

அதனால் அத்தையை எழுப்புங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரட்டும், முதலில் ஐந்து முறை, காலையும் மாலையும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். வீட்டுக்குள் நடக்கட்டும். இடுப்பை வளைத்துக் குனிவதும், குனிந்தபடி திரும்புவதும், கனம் தூக்குவதும் மட்டும் கூடாது. கோலம் போடுவதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து கயிறு விட்டுக் காய்கறிப் பையை மேலே இழுக்கிறோமே, அந்த வேலையும் அவருக்கு வேண்டாம். பால்கனியில் முன்னால் சாய்ந்து பாரம் இழுப்பது நசுங்குகிற முதுகுக்கு மிகவும் கெடுதல்.

அடுத்து மாத்திரை. கால்சியம் மட்டும் போதாது. செங்கல் இறக்கிக்கொண்டே இருந்தாலும், ஒரு பக்கம் சுவரை இடித்துக்கொண்டே இருந்தால் வீடு எழும்பாது. அந்த இடிப்பை மட்டுப்படுத்துவதுதான் வார மாத்திரை. நெஞ்செரிச்சலுக்கு, அத்தை அதை எப்படிப் போட்டார் என்று முதலில் விசாரியுங்கள். வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் படுக்கவே கூடாது, உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். அதுவரை டீ, சாப்பாடு, கால்சியம் எதுவும் ஆகாது. கட்டிலிலேயே போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் நின்று புண்ணாக்கும். ஆனால் நீங்களாக மறுபடி ஆரம்பிக்காதீர்கள், எரிச்சலை டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். உணவுக்குழாயில் கோளாறு உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கும் இந்த மாத்திரை ஒத்துவராது.

மாத்திரை சரிப்படாவிட்டால் ஊசி இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை ரத்தக் குழாயில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் இன்னொன்று. இரண்டாவதைத் தொடங்கினால் தேதி தவறக் கூடாது. திடீரென்று விட்டுவிட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கும் ஆபத்து உண்டு. மருந்து தொடர்ந்து கிடைக்குமா, செலவு தாங்குமா என்பதைத் தொடங்குமுன்பே யோசியுங்கள். பல் பிடுங்கும் வேலை இருந்தால் அதையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பால், முள்ளோடு தின்னும் சின்னக் கருவாடு, முருங்கைக்கீரை, எள் எல்லாம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. டீக்கடை இனிப்பு டீயைப் பால் கணக்கில் சேர்க்காதீர்கள். ஷான் தோஃபு கடலை மாவில் செய்வது, அதைச் சோயா தோஃபுவாக நினைக்க வேண்டாம். ஙப்பியை (உப்பிட்ட மீன், இறால் விழுது) குறையுங்கள், உப்பு மிகுந்தால் கால்சியம் சிறுநீரில் போய்விடும். சுருட்டுப் பழக்கம் இருந்தால் அதை விடத்தான் வேண்டும். முகத்தில் தனாகா மரப்பட்டைப் பூச்சு இருக்கட்டும், கை காலில் கொஞ்சம் வெயில் படட்டும்.

உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, ஆனால் நம் மாடி வீடுகள் தெரியும். கரண்ட் போனால் கும்மிருட்டு. சார்ஜ் ஏற்றிய விளக்கு ஒன்று அத்தையின் தலைமாட்டிலேயே இருக்கட்டும். ராத்திரி ஒன்றுக்குப் போகிற அவசரத்தில் கொசுவலையில் கால் சிக்கித்தான் பலர் விழுகிறார்கள். வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகி, இறங்குகிற பக்கம் மட்டும் திறக்கும்படி வையுங்கள். நைட்டிகளை இன்றே மடித்துத் தையுங்கள். குளியலறையில் சுவரில் பதித்த கைப்பிடி ஒன்று, ரப்பர் பாய் ஒன்று. வாசலில் குவியும் செருப்புகளை ஓரமாக அடுக்குங்கள். மாடிப்படி இறங்கும்போது ஒருவர் அவருக்கு முன்னால், ஒரு படி கீழே போக வேண்டும். நடுவில் ஒரு மாடியில் ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள். கோயிலுக்கும் ஷ்வேடகோன் பகோடாவுக்கும் தாராளமாகப் போகட்டும், ஆனால் மழைக்காலத்தில் ஈரப் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு தனியாக விடாதீர்கள்.

விழுந்து எழ முடியாவிட்டால், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், இழுத்துத் தூக்காதீர்கள். அது இடுப்பு முறிவு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகு வலியோடு கால் மரத்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அதுவும் அப்படியே.

டாக்டரிடம் போகும்போது அத்தை சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். தூக்க மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தலைசுற்ற வைத்து விழத்தட்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தால் அதுவே எலும்பைக் கரைத்திருக்கலாம். எக்ஸ்-ரேயில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.