கரண்ட் வைக்காமல் நடக்கச் சொல்வது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். ஒரு வருடமாக வலது முழங்காலில் வலி. மேடு ஏறிவிடுகிறார், இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்கிறார். பிசியோதெரபிக்குக் கூட்டிப் போனேன். கரண்ட் வைப்பார்கள் என்று பார்த்தால், நடக்கச் சொன்னார், நாற்காலியிலிருந்து எழச் சொன்னார், படியில் இறங்கச் சொன்னார். மீதி நேரமெல்லாம் என்ன வேலை, எவ்வளவு தூரம் என்ற கேள்விகள்தான். இது வைத்தியம்தானா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: வைத்தியம்தான், அதுவும் நல்ல வைத்தியம். நான் குன்னூரில் பிசியோவாக இருக்கிறேன், இதே சந்தேகத்தோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கரண்ட், ஒத்தடம் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் தணிக்க உதவலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் படிப்பின் அடிப்படை மெஷின் இல்லை, மனித அசைவு.

1995-இல் கனடாவில் செரில் காட் என்ற பிசியோதெரபி ஆராய்ச்சியாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். செல்லுக்குள் நடப்பதில் தொடங்கி தசை, மூட்டு, முழு ஆள், அவர் வாழும் சூழல், சமூகம் வரை அசைவு என்பது ஒரே தொடர்ச்சி, ஒரு இடத்தில் சிக்கல் வந்தால் மற்ற இடங்களையும் அது தொடும் என்றார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒருவருக்கு இன்று எவ்வளவு அசைய முடிகிறது, அவர் எப்படி அசைய விரும்புகிறார், அவர் உடம்பால் அதிகபட்சம் எவ்வளவு முடியும், இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், முதல் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் பிசியோவின் வேலை. அம்மாவுக்கு ஓட்டப் பந்தயம் ஓட வேண்டியதில்லை, சாயங்காலம் கொழுந்து மூட்டையோடு சரிவில் பயமில்லாமல் இறங்க வேண்டும். ஊட்டியில் மேசை முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இதே முழங்காலில் இதே வலி வந்தாலும் பயிற்சி வேறாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அத்தனை கேள்விகள்.

சரி, இறங்கும்போது மட்டும் ஏன் அவ்வளவு வலி? கிணற்றுக்குள் நிறைகுடத்தை இறக்குவதை நினைத்துப் பாருங்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், பிடி தளர்ந்தால் குடம் பொத்தென்று விழும். சரிவில் ஒரு கால் கீழே போகும்போது மேலே நிற்கும் காலின் தொடைத் தசை அதைத்தான் செய்கிறது, நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடிக்கிறது, அந்த நேரத்தில் மடங்கியிருக்கும் முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. முதுகில் மூட்டை இருந்தால் இன்னும் அதிகம். தொடையில் வலு குறைந்தால், இடுப்புத் தசை தளர்ந்து முட்டி உள்பக்கம் சாய்ந்தால், கணுக்கால் சரியாக மடங்காவிட்டால், எல்லாச் சுமையும் முட்டியில் வந்து சேரலாம். இதில் எது என்று கட்டிலில் படுக்க வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது, இறங்கச் சொல்லித்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. 1920-களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். கைதேர்ந்தவரின் சுத்தியல் ஒரே இடத்தில்தான் விழுந்தது, ஆனால் தோளும் முழங்கையும் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் வேறு மாதிரி அசைந்தன. அம்மாவின் கை கொழுந்தைக் கிள்ளுவதும் அப்படித்தான். உடம்புக்கு எப்போதும் மாற்று வழி தெரியும், வலி வந்தாலும் ஒரு வழி தேடிக்கொள்ளும். ஒருவேளை அம்மா இப்போது பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறாரோ, இடது காலிலேயே எடையைப் போடுகிறாரோ, கவனித்துப் பாருங்கள். கூட இருக்கிற உங்கள் கண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும்.

முட்டி திடீரென்று வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, கால் ஊன்றவே முடியாமல் போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

அடுத்த முறை பிசியோவிடம் போகும்போது அம்மா வேலைக்குப் போட்டுப் போகும் செருப்பையோ பூட்ஸையோ கொண்டு போங்கள், மூட்டையை எந்தப் பக்கம் எப்படிச் சுமக்கிறார் என்று அவரையே காட்டச் சொல்லுங்கள், அவர் இறங்கும் பாதையைப் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் போனால் இன்னும் நல்லது.