எல்லோரும் கழற்றிவிட்டார்கள், நான் மட்டும் மாஸ்க் போடலாமா?

கேள்வி: கொரோனா நேரத்தில் ஊரே மாஸ்க் போட்டது, நானும் போட்டேன். இப்போது மறுபடி காய்ச்சலும் இருமலும் பரவுகின்றன. வீட்டில் சர்க்கரை நோயுள்ள அம்மா இருக்கிறார். அடுத்த வாரம் உறவுக்காரர் கல்யாணம். மாஸ்க்கோடு போனால் 'உனக்கு என்ன வியாதி?' என்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. (வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: தாராளமாகப் போட்டுக்கொண்டு போங்கள். நோய் பரவும் காலத்தில் டாக்டர் சொல்வதைவிட அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான் பலரும் முடிவெடுக்கிறோம். அந்தக் கணக்கு அடிக்கடி தப்பிப்போகும். மாஸ்க் இல்லாமல் சுற்றுகிறவர் கண்ணில் படுவார். காய்ச்சலென்று வீட்டோடு ஒதுங்கியிருப்பவர் படமாட்டார். உடனே 'யாருமே கண்டுகொள்ளவில்லை' என்று நினைத்துவிடுகிறோம். கொரோனா தடுப்பூசியிலும் இதே கதைதான். எத்தனை பேர் ஊசிக்குத் தயார் என்பதை மக்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தது 23 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில் தெரிந்தது. உண்மை நிலவரத்தைச் சொன்னதும் தயங்கியவர்களில் கொஞ்சம் பேர் மனம் மாறினார்கள்.

ஊர் வாய்க்குப் பயப்படுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்கள் மாவட்டத்துக்கே தெரியும். 2020 மே மாதம், கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளர்கள் பலருக்குத் தொற்று உறுதியாகி, கடலூரில் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. பிழைப்புக்குப் போய்வந்தவர்கள், பாவம். தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்த காலம் அது. வெளியே சொன்னால் தெருவே ஒதுக்கிவிடும் என்று காய்ச்சலை மறைத்து, மூச்சுத் திணறும்போதுதான் வந்தார்கள் சிலர். அந்த நிலைமை இன்னொரு தடவை வரவே கூடாது.

புதுச்சேரியில் என் கிளினிக் பெஞ்சில் அடிக்கடி பார்க்கிறேன். ஒருவர் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டுவார். பக்கத்தில் இருப்பவர் தாடையில் கிடப்பதை மேலே இழுத்துக்கொள்வார். எதிரே இருக்கும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கல்யாண மண்டபத்திலும் அந்த முதல் ஆளுக்காகச் சிலர் காத்திருப்பார்கள்.

கேட்பவர்களிடம் 'அம்மாவுக்குச் சர்க்கரை, அதான்' என்று சொல்லுங்கள், போதும். துணி மாஸ்க்கைவிட என்95 நல்லது. மூக்கின் மேல் இடைவெளி இல்லாமல் அழுத்திவிடுங்கள். பந்தியில் கழற்றித்தான் ஆக வேண்டும். கூட்டம் குறைந்த பிறகு, ஜன்னல் பக்கமாக உட்காருங்கள். அப்புறம், வீடு திரும்பியபின் தொண்டை வலியோ காய்ச்சலோ தெரிந்தால் தனி அறையில் படுங்கள். வருடம் ஒருமுறை போடும் ஃப்ளூ ஊசி பற்றி அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். அம்மாவுக்குக் காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.