மகள் நிதி திரட்டுகிறாள்: இன்னொருவரின் என்பிஓ எண்ணை இரவல் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அவளும் ஆறு தோழிகளும் சேர்ந்து, போரிலும் பஞ்சத்திலும் தவிக்கும் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் பணம் திரட்ட ஆசைப்படுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தன்னிடம் என்பிஓ (லாப நோக்கமில்லாத அமைப்பு) எண் இருக்கிறது, அதைப் போட்டு ராஃபிள் (பரிசுக் குலுக்கல்) டிக்கெட் அச்சிட்டுத் தருகிறேன், கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை ரசீதும் கிடைக்கும் என்கிறார். வசூலில் முப்பது சதவீதம் அவருடைய நிர்வாகச் செலவுக்காம். அதுவரை பணம் என் வங்கிக் கணக்கில் இருக்கட்டும் என்கிறார். ஜூலை விடுமுறையில் ஓர் அநாதை இல்லத்தில் தொண்டு செய்ய ஏற்பாடு செய்து சான்றிதழும் வாங்கித் தருவாராம், அதற்குத் தனிக் கட்டணம். நம்பலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. டிக்கெட் அச்சடிக்க விடாதீர்கள். உங்கள் கணக்கு எண்ணைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்து, யார் அனுப்பியது என்று தெரியாத பணம் வந்து விழுந்தால், அதை எடுத்து யாரிடமும் நீட்டாமல் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் கணக்கில் இருப்பது உங்கள் பெயர்தான். அந்த மனிதர் போனைக்கூட எடுக்கமாட்டார்.

பிள்ளைகளின் ஆசையை மட்டும் தடுக்காதீர்கள். நேட்டாலில் நம் பாட்டன் பூட்டன்மார் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டடம் எழுப்பினார்கள். அரசாங்கம் பங்கு போட வந்தது அதற்கு அப்புறம்தான். அந்த வழியில் வந்த பிள்ளைகள் யாரோ ஒரு ஊர்க் குழந்தைக்காக அலைய முன்வருகிறார்கள் என்றால், அவர்களுக்கு நேரான வழியைக் காட்டுவது நம் வேலை.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். என்பிஓ எண் என்பது சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்ததற்கான அடையாளம், 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பது. அதை வைத்து ஒருவருக்கும் வரிச்சலுகை ரசீது தர முடியாது. அதற்கு வரித்துறையான சார்ஸிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அதைத்தான் 18ஏ என்கிறோம். அந்த அனுமதி உள்ள அமைப்புக்குக் கொடுத்தால், வரிக்கு உட்பட்ட வருமானத்தில் பத்து சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். அதுவும் தென்னாப்பிரிக்காவுக்குள் நடக்கும் வேலைக்குத்தான். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு என்று சொல்லி வசூலித்துவிட்டு 18ஏ ரசீது தருகிறேன் என்பவர், ஒன்று விவரம் தெரியாதவர், அல்லது நன்றாகத் தெரிந்தவர். ராஃபிள் டிக்கெட்டுக்கு 18ஏ கிடையவே கிடையாது. பரிசு கிடைக்கும் என்று பணம் கட்டுகிறவர் நன்கொடை கொடுத்தவர் ஆகமாட்டார்.

எண் உண்மையா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். சமூக மேம்பாட்டுத் துறையின் இணையதளத்தில் அமைப்பின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பதிவு செய்த அமைப்பு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கையும் கணக்கும் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காத அமைப்புகள் ஏராளம். எண் இருக்கும், கணக்கு இருக்காது. 18ஏ அனுமதி இருக்கிறதா என்பதை சார்ஸ் தளத்தில் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். வெளிநாட்டிலுள்ள ஆட்களுக்கோ அமைப்புகளுக்கோ நன்கொடை அனுப்பும் தொண்டு நிறுவனம் கட்டாயம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பணமோசடிக் கண்காணிப்பில் குறையுள்ள நாடுகளைச் சேர்க்கும் சர்வதேசச் சாம்பல் பட்டியலில் நாடு விழுந்துவிடக் கூடாது என்ற அவசரத்தில் வந்த திருத்தம் அது. அப்படியும் 2023 பிப்ரவரியில் விழுந்தோம், 2025 அக்டோபரில்தான் வெளியே வந்தோம். ஆகவே பிள்ளைகள் தாங்களாக ஒரு குழு அமைத்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எண்ணமே வேண்டாம். பதிவு செய்துகொள்ளலாமே என்பீர்கள். விண்ணப்பத்தை இரண்டு மாதத்தில் பரிசீலிக்க வேண்டும் என்கிறது சட்டம். நான் ஒரு சிறிய சபைக்காகக் கோப்போடு அலைந்தபோது, ஓர் அலுவலகத்தில் அதே தாள்களை மூன்று முறை வாங்கி மூன்று முறையும் காணோம் என்றார்கள். நேர்மையானவன் வரிசையில் நின்று களைத்துப் போகிறான், தரகன் அந்தக் களைப்பை வைத்துப் பிழைக்கிறான். உங்களிடம் வந்தவரும் அப்படித்தான் எண்ணை வாடகைக்கு விடுகிறார்.

சரி, ராஃபிள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். சட்டத்தின் கண்ணில் ராஃபிளும் லாட்டரிதான். தொண்டு அமைப்பு பொதுமக்களிடம் டிக்கெட் விற்க வேண்டுமானால் தேசிய லாட்டரி ஆணையத்தில் பதிவு வேண்டும்.  ஆனால் பள்ளிகளுக்குப் பயன்படும் ஒரு விலக்கு இருக்கிறது. பஜார், விருந்து, விளையாட்டு விழா மாதிரியான ஒரு நிகழ்ச்சியின் பகுதியாக நடத்தும் ராஃபிள் அந்த விலக்குக்குள் வரும். நிபந்தனைகளைக் கவனியுங்கள். பரிசு பணமாக இருக்கக் கூடாது. கேக், புடவை, பலசரக்குக் கூடை, எதுவும் சரி; ஐந்நூறு ரேண்ட் என்று பணமாகக் கொடுக்கக் கூடாது. டிக்கெட்டை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் மட்டுமே விற்க வேண்டும். முந்தின வாரமே பக்கத்து வீடுகளில் விற்றால் விலக்கு போயிற்று. அப்பாவின் ஆபீஸுக்கு ஒரு கட்டு கொடுத்தனுப்பினாலும் போயிற்று. வாட்ஸ்அப்பில் எண் சொல்லி வங்கி வழியாக (இஎஃப்டி) பணம் வாங்கினாலும் போயிற்று. குலுக்கலும் அங்கேயே, அன்றைக்கே. ஜனங்கள் நிகழ்ச்சிக்காக வர வேண்டும், ராஃபிளுக்காக மட்டும் வரக் கூடாது. லாபம் யார் பையிலும் போகக் கூடாது. உங்கள் மனிதர் கேட்கும் முப்பது சதவீதம் அந்த இடத்தில்தான் இடிக்கிறது. இத்தனையும் பிள்ளைகளுக்குப் பாரம் என்று தோன்றினால் ராஃபிளை விட்டுவிடுங்கள், பிரியாணி போடுங்கள்.

பிரியாணியிலும் பணம் ஓடும் அம்மா, பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளிக்காகக் கணக்குப் பார்த்தேன். முன்னூறு டிக்கெட் அடித்திருந்தார்கள். சனிக்கிழமை மதியம் பெரிய பானைகளைத் திறந்து, டப்பா டப்பாவாகப் பருப்பும் மோரும் சேர்த்து முன்னூறையும் கொடுத்து முடித்தார்கள். திங்கட்கிழமை ஷூ டப்பாவில் இருந்த பணத்தை எண்ணினால் இருநூற்று ஐம்பத்தெட்டு டிக்கெட்டுக்குத்தான் இருந்தது. யாரும் திருடவில்லை. "அப்புறம் தருகிறேன்" என்று வாங்கிப் போனவர்கள், அடிக்கட்டையில் பெயர் எழுதாத பிள்ளைகள், கல்லாவிலிருந்து எடுத்துச் சில்லறை மாற்றிய ஓர் ஆசிரியர். பொறுப்பில் இருந்த பெண் பிள்ளை மூலையில் நின்று அழுதாள். அடிக்கட்டையில் பெயர் எழுதாமல் ஒரு டிக்கெட்டும் கைமாறக் கூடாது என்பதை அன்றிலிருந்து எங்கே போனாலும் சொல்கிறேன்.

அநாதை இல்லப் பயணத்துக்கு வருவோம். கட்டணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அனுப்பும் ஏற்பாடு எதுவாக இருந்தாலும் ஒதுங்குங்கள். உலகத்தில் இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால் வந்து சேர்ந்தவர்கள். பணம் கட்டி வரும் தொண்டர்கள் பெருகப் பெருக, குழந்தைகளைக் காட்டிப் பணம் பார்க்க இல்லங்களும் பெருகுகின்றன. இந்தத் தீங்கை ஐ.நா. பொதுச்சபை 2019-லேயே தன் தீர்மானத்தில் எடுத்துச் சொல்லிவிட்டது. இங்கே ஒரு குழந்தைகள் இல்லம் 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். குழந்தைகளோடு பழக வரும் பெரியவர்களின் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் தகுதியற்றவர் பட்டியலில் இல்லையா என்று ஒழுங்கான இல்லம் கேட்டுச் சரிபார்க்கும். ஒன்றுமே கேட்காமல் உள்ளே விடும் இல்லத்துக்கு மகளை அனுப்பாதீர்கள். உங்கள் மகளைக் கேட்காதவர்கள் வேறு யாரையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஜூலை 18, மண்டேலா நாளில் என்ன நடக்கிறது தெரியுமா? மண்டேலா பொதுவாழ்வில் உழைத்த ஆண்டுக்கு ஒரு நிமிடம் என்று அறுபத்தேழு நிமிடம் தொண்டு செய்ய ஐந்து கம்பெனி, நான்கு பள்ளி ஒரே இல்லத்தின் வாசலில் வந்து நிற்கின்றன. குழந்தைகள் காலையிலிருந்து நான்கு முறை கேக் தின்கின்றன, நான்கு முறை போட்டோவுக்குச் சிரிக்கின்றன. ஆகஸ்ட் வந்தால் நாப்கின் வாங்கப் பணம் இல்லை. உங்கள் பிள்ளைகள் பக்கத்திலுள்ள குழந்தைகள் நலச் சங்கத்தில் சமூகப் பணியாளரிடம் பேசி, வாரம் ஒரு சனிக்கிழமை வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கவோ பழைய துணி பிரிக்கவோ போகட்டும். சான்றிதழ் தானாக வரும், காசு கேட்காது. பிரெசிடென்ட்ஸ் அவார்டு என்ற இளைஞர் விருதுத் திட்டத்தில் பதினாலு வயதிலிருந்தே இந்தச் சேவை கணக்கில் சேரும். குழந்தையின் முகம் மட்டும் யார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வரக் கூடாது.

இனி பணத்துக்கு வழி. ஏற்கெனவே வெளிநாடுகளில் வேலை செய்யும் பதிவு பெற்ற அமைப்பு ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். டாக்டர் இம்தியாஸ் சூலிமான் 1992-ல் தொடங்கிய கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் நம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தே நடக்கிறது. யுனிசெஃப், சேவ் த சில்ட்ரன் இரண்டும் இந்த நாட்டில் இருக்கின்றன. அந்த அமைப்புக்கு எழுதி, அவர்கள் பெயரில் நிதி திரட்டலாமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், பணம் கட்டும்போது போட வேண்டிய அடையாளச் சொல்லையும் கேளுங்கள். பெரிய தொகைகள் நேராக அவர்கள் கணக்குக்கே போகட்டும். சிவில் உடை நாள் (காசு கொடுத்துச் சீருடை இல்லாமல் வரும் நாள்), பிரியாணி என்று பள்ளியில் சேரும் சில்லறை மட்டும் பள்ளி நிதி வழியாகப் போகும். அதற்கு முன்பே இந்தப் பணம் இன்ன காரியத்துக்கு என்று ஆட்சிக்குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் ஜன்னல் கண்ணாடி மாற்றப் போய்விடும், பிறகு கேட்க முடியாது.

ரோபோட்டில், அதாவது சாலைச் சிக்னலில், டப்பா குலுக்க அனுப்பாதீர்கள். மால் வாசல் என்றால் நிர்வாகத்திடமும், தெரு என்றால் முனிசிபாலிட்டியிடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

விற்பனை முடிந்ததும் இரண்டு பெண்கள், ஓர் ஆசிரியர், மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எண்ணி, ஒரே நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையட்டும். மறு வேலைநாள் காலையில் வங்கியில் கட்டி, டெபாசிட் சீட்டை அந்த நோட்டிலேயே ஒட்டட்டும்.