நாக்கைச் சுருட்ட வேண்டாம், புளியங்கொட்டை போதும்

கேள்வி: என் மகளுக்கு 10 வயது, மகனுக்கு 7. "தம்பிக்கு மட்டும் ஏன் சுருட்டை முடி?" என்று மகள் கேட்டாள். இணையத்தில் கிடைத்த மரபியல் அட்டவணை ஒன்றை வைத்து வீட்டில் சோதித்துப் பார்த்தோம். நாக்கைக் குழல் போலச் சுருட்டுவது ஓங்குபண்பு, பெற்றோர் இருவருக்கும் வராவிட்டால் பிள்ளைக்கும் வராது என்று அதில் இருந்தது. எங்கள் இருவருக்கும் நாக்கு சுருளாது, அவளுக்குச் சுருள்கிறது. "அப்போ நான் உங்க பொண்ணு இல்லையா?" என்று அழுதுவிட்டாள். நான் வணிகவியல் படித்தவள். இதை எப்படிச் சரியாகச் சொல்லித்தருவது?

பதில்: முதலில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தப்பு அந்த அட்டவணையில்தான் என்று சொல்லிவிடுங்கள். நாக்கைச் சுருட்டுவது ஒரே மரபணுவின் வேலை என்று 1940இல் எழுதியவர் ஸ்டர்டெவன்ட் என்ற அமெரிக்க மரபியலாளர். 1952இல் மேட்லாக் என்பவர், ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த இரட்டையர் 33 ஜோடிகளைச் சோதித்தார். ஏழு ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஸ்டர்டெவன்டே பிறகு தன் கருத்தைக் கைவிட்டார். அட்டவணைகள்தான் இன்னும் கைவிடவில்லை, எத்தனை வீடுகளில் இப்படி ஒரு குழந்தை கலங்கியிருக்குமோ என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காதுமடல் ஒட்டியிருப்பது, கண் நிறம், முடிச்சுருள் எதுவும் ஒரே மரபணுவில் முடிகிற கதை அல்ல. இரத்த வகை ஓரளவு நேரான கணக்குதான், ஆனாலும் அதையும் வீட்டில் செய்ய வேண்டாம். அடையாள அட்டையில் தவறாகப் பதிவாகியிருக்கலாம். 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட 'பம்பாய் இரத்த வகை'யோ சாதாரணச் சோதனையில் 'ஓ' போலவே தெரியும். குடும்பத்தார் உடம்பை வைத்து மரபியல் சொல்லித்தராதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. கற்பனைப் பிராணி போதும்.

அதற்கு இரண்டு புளியங்கொட்டை வேண்டும். தாயம் ஆடுவதற்குத் தேய்ப்போமே, அதேபோல ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளை தெரியும்வரை தரையில் தேயுங்கள். (தேய்த்த சூட்டோடு தம்பி கையில் சூடு வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்!) ஒவ்வொரு கொட்டையையும் 50 முறை போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழ வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அதை விட்டுவிட்டு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கொட்டை அம்மா பூதம், இன்னொன்று அப்பா பூதம். ஒவ்வொரு பண்புக்கும் பெற்றோரிடம் இரண்டு பிரதிகள் உண்டு, கொட்டையின் இரண்டு பக்கங்கள் போல. பிள்ளைக்குப் போவது அதில் ஒன்றுதான். எது போகும் என்பதைக் கொட்டை விழுவது முடிவு செய்கிறது. கறுப்புப் பக்கம் 'கொம்பு உண்டு', வெள்ளை 'கொம்பு இல்லை' என்று வைத்துக்கொள்வோம். ஒரு கறுப்பு விழுந்தாலே கொம்பு முளைக்கும், இப்படி ஒரே பிரதி வந்தாலும் வெளியே தெரிவதுதான் ஓங்குபண்பு. இரண்டும் வெள்ளையாக விழுந்தால்தான் மொட்டைத் தலை. இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். அம்மா பூதத்துக்கும் கொம்பு, அப்பா பூதத்துக்கும் கொம்பு, ஆனால் கொம்பில்லாத குட்டி பிறக்கிறதே? வெளியே தெரியாமல் இருவரிடமும் ஒளிந்திருந்தது இப்போது சேர்ந்துவிட்டது என்பதை அவளே சொல்லட்டும்.

பிறகு வால், கோரைப்பல், உடம்பில் புள்ளி என்று ஆறு பண்புகளுக்குப் போட்டு ஒரு குட்டியை வரையச் சொல்லுங்கள். அப்புறம் மறுபடி ஆறு முறை போட்டு அதன் தம்பியை வரையட்டும். அதே கொட்டைகள், அதே கைகள், ஆனால் குட்டிகள் வேறு வேறு. சுருட்டை முடிக்குப் பல மரபணுக்கள் வேண்டும், ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு விடை இந்த இரண்டு படங்களில் இருக்கிறது.

அடுத்த நாள், கொம்புக்காக மட்டும் 40 முறை போட்டுக் குறித்துவைக்கட்டும். கணக்குப்படி கொம்பில்லாதவை 10. அவளுக்கு 7 வரலாம், 13 வரலாம். அம்மாவுக்குப் பிடிக்கட்டும் என்று எண்ணை மாற்ற அவளை விடாதீர்கள். இன்னும் 40, இன்னும் 40 என்று சேர்த்துக்கொண்டே போனால் விகிதம் மெல்ல 3:1 பக்கம் நெருங்கும். இன்று செக் நாட்டில் இருக்கும் பர்னோ நகர மடத்தில் பட்டாணி வளர்த்த மெண்டல், 1866இல் அச்சான கட்டுரையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850 என்று கொடுத்தார். அவருக்கும் அச்சுப் பிசகாமல் மூன்று வரவில்லை. இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். ஓங்குபண்பு என்றால் வலுவானது, நல்லது, நிறையப் பேருக்கு இருப்பது என்று பொருளல்ல. ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஓங்குபண்பாகத்தான் வருகிறது, ஆனாலும் பெரும்பாலோருக்கு ஐந்து விரல்தானே?

தம்பியையும் சேர்த்துக்கொள்ள ஒரு வேலை உண்டு. பழுத்த வாழைப்பழத்தில் பாதியை மசித்து, அரை டம்ளர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து நுரைக்காமல் கலக்குங்கள். பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, குளிர்ந்த சர்ஜிகல் ஸ்பிரிட்டை டம்ளரின் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். வெள்ளை நூல்கள் மேலே வரும். அது டிஎன்ஏ, அதாவது மரபணுக்கள் அடங்கிய பொருள், கூடவே கொஞ்சம் வேறு பொருட்களும். ஸ்பிரிட்டை நீங்களே ஊற்றுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

தொட்டி வைக்க இடமிருந்தால் அந்திமந்தாரை வளருங்கள். சிவப்புப் பூச்செடி ஒன்று, வெள்ளைப் பூச்செடி ஒன்று. மாலையில் மலர்வதற்கு முன், மதியமே சிவப்பு மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது தன் மகரந்தத்தையே எடுத்துக்கொள்ளும். மாலையில் வெள்ளைப் பூவின் மகரந்தத்தை அதன் சூலக முடியில் தடவி, மெல்லிய துணியால் மூடிவிடுங்கள். ஒரு பூவுக்கு ஒரு கறுப்பு விதைதான், அதனால் பத்துப் பதினைந்து பூக்களில் செய்ய வேண்டும். விதை நஞ்சு, தம்பி வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூய வகைகளாக இருந்தால் அடுத்த தலைமுறை இளஞ்சிவப்பாகப் பூக்கும், இங்கே எந்த நிறமும் ஓங்கவில்லை. செடி எந்தக் கலப்பில் வந்ததென்று தெரியாததால் மஞ்சளோ புள்ளியோ எட்டிப் பார்க்கலாம். அதையும் நோட்டில் எழுதட்டும், அந்த விதைகளைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, எந்தச் செடியுடையது என்று மேலே குறித்துவைக்கட்டும்.